நாலு விரல் அகலம்

முதலில் கழுவ வேண்டும்.
கழுவினேன், ஒன்பது வாளி.
பரந்தன் முல்லைத்தீவு றோட்டின் புழுதி
சிவப்பாய் இறங்கி வாழையடிக்குப் போயிற்று.
துடைத்தபின் கார் வெள்ளை.
வெயிலில் இழுத்து விட்டுப் பார்த்தால்
ஊத்தை வெள்ளை,
பள்ளிக்கூடச் சட்டையின் கொலர் மாதிரி.

பொலித்தீன் பைக்குள் கையை விட்டுத்
தடவிப் பார் என்றிருந்தான் வவுனியாக் கடைக்காரன்.
வெறுங்கைக்கு வழுவழுப்பாய் இருந்த கதவு
பைக்குள் போன கைக்கு
குறுணல் கொட்டிய பாய்.

களிக்கட்டி நீலம். சவர்க்காரத்தில் பாதி.
விலையைக் கேட்ட நாகபூசணி
வேலிக்கு மேலால் எட்டி,
“இரணைமடுவிலை இல்லாத களியோ?” என்றாள்.
பதில் சொல்ல நேரமில்லை.
ஞாயிறு கலியாணம். மாப்பிள்ளைக் கார் என்னுடையது.

சவர்க்காரத் தண்ணீர் தெளித்து
நேர்கோட்டில், அழுத்தாமல்,
போய் வர, போய் வர,
கரகரவென்ற சத்தம் மெலிந்து
ஓரிடத்தில் இல்லாமற் போகும்.
அது இல்லாமற் போவதற்குத்தான் இவ்வளவு பாடும்.
களியைத் திருப்பினால்
தார், மாம்பிசின், பொடி இரும்பு
எல்லாம் அதன் வயிற்றில்.
மடித்துப் பிசைந்து புது முகம் எடுக்க வேண்டும்.

இரண்டாம் நாள் கைதவறி மணலில் விழுந்தது.
விழுந்த களி பாவிக்கக் கூடாது,
ஒரு மணல் போதும், கார் முழுக்கக் கீறும்.
பாதியை அறுத்து எறிந்தேன்.
மற்றப் பாதியை
நெடுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு
அதையும் எறிந்தேன்.

கூரைக்குக் களி மிஞ்சவில்லை.
கூரையை ஆர் பார்க்கப் போகினம்?
ஆனாலும் மனம் கேட்கவில்லை.
றெஜினோல்ட்டின் றில்லை இரவல் வாங்கி
பஞ்சு வட்டுப் பூட்டி
பொலிஷைப் பொட்டுப் பொட்டாய் வைத்து
களி செய்திருக்க வேண்டியதை
வேகத்தால் செய்யப் பார்த்தேன்.

பஞ்சு வெள்ளையாய் வந்துகொண்டிருந்தது.
பிறகு றோசா.
நான் கையெடுப்பதற்குள்
நாலு விரல் அகலத்தில் ஒரு சிவப்பு.
கரை நேர். உள்ளே
பிரஷ் போன தடம்.
கொம்பனி பெயின்ற் அல்ல,
அவசரத்தில் ஆரோ கையால் அடித்தது.

“ஒறிஜினல் வெள்ளை, ஒரு கை பாவிச்சது”
என்றுதான் புரோக்கர் தந்தவர்.
பின் சீற் இல்லாமல் தந்தவர்.
அதற்கும் இப்போது காரணம் வந்தது.

அந்தக் கோடு எங்கே போகிறதென்று தெரியும்.
இன்னும் ஒரு சாண் தேய்த்தால்
குறுக்கே ஒன்று வந்து வெட்டும்.
தேய்க்கவில்லை. வயரைக் கழற்றினேன்.

வானம் வாசிக்கட்டும் என்று
ஒரு காரின் தலையில் எழுதியிருக்கிறார்கள்.
வாசித்ததா?
கார் மிஞ்சியிருக்கிறது என்பதைத் தவிர
வேறொன்றும் எனக்குத் தெரியாது.

சனி பின்னேரம் மெழுகு.
காயவிட்டு, பழைய பெனியனால் எடுத்தேன்.
எப்படி மினுங்கியதென்றால்
நாகபூசணி வேலியை விலத்தி வந்து
கதவில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்தாள்.
விடிய, ஒரு மயில்
அதே கதவில் இன்னொரு மயிலைக் கண்டு
கொத்தித் தீர்த்தது.
பதினொரு கொத்து. எண்ணினேன்.
அவ்விடத்தில் கனகாம்பரச் சரத்தை
நீளமாய்த் தொங்கவிட்டாயிற்று.

கோயில் வாசலில் மாப்பிள்ளை இறங்க
வீடியோக்காரப் பெடியன்
தும்பி மாதிரி ஒன்றை மேலே ஏற்றினான்.
அந்த இரைச்சலுக்கு
நாதஸ்வரம் ஒரு மூச்சுத் தவறியது.
முப்பது தாண்டிய எல்லோரும் அண்ணாந்தோம்.
சின்னனுகள் கைகாட்டின.

பெடியன் திரையை என்னிடம் நீட்டினான்.
பந்தல், வாழை, ஒரு மஞ்சள் குடை,
நடுவில் என் கார்,
அதன் உச்சியில் அந்த நாலு விரல்.
“அக்கா, இதென்ன சிவப்பு?
வேணுமெண்டால் எடிற்றிங்கிலை வெள்ளையாக்கி விடுறன்.”

“விடு தம்பி,” என்றேன்.
“பொலிஷ் கொஞ்சம் கூடிப்போச்சு.”